பேரலையின் நீலம்: ஜப்பானிய மரபுக்கலையும் மேற்கத்திய நவீனத்துவமும்

"ஜப்பானிய மரபு ஓவியங்களைப் பார்த்துத்தான் ஐரோப்பியர்கள் நவீன ஓவியத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்கிறார்களே, அது எந்த அளவுக்கு உண்மை? ஜப்பானியர்கள் மேற்கிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டார்களா?" என்பது கேள்வி. முதற்பகுதிக்குப் பெரும்பாலும் ஆம் என்றே சொல்லிவிடலாம். ஆனால் மரபு ஜப்பானிலும் நவீனம் ஐரோப்பாவிலும் தனித்தனியே இருந்தன, பிறகு ஒன்று மற்றொன்றுக்குக் கொடுத்தது என்ற எண்ணம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. அந்த எண்ணம் சரியல்ல என்பதே என் துணிபு. எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு படத்தை வைத்தே இதைத் தொடங்குகிறேன்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் 1831ஆம் ஆண்டு வாக்கில் வரைந்த 'கனகாவா கடலின் பேரலை' இன்று தேநீர்க் கோப்பைகளிலும் சட்டைகளிலும்கூடக் காணக் கிடைக்கிறது. நுரை விரல் நகங்களைப் போல் வளைந்து நிற்க, அதன் அடியில் மூன்று படகுகள் தத்தளிக்க, தூரத்தில் ஃபூஜி மலை இன்னொரு சிற்றலையைப் போலச் சிறுத்துத் தெரிகிறது. ஜப்பானியக் கலை என்றதும் உலகம் முதலில் நினைப்பது இந்தப் படத்தைத்தான். ஆனால் இதன் நீலம் ஜப்பானில் பிறந்ததல்ல. அது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட பிரஷ்யன் நீலம் என்ற செயற்கை நிறம். டச்சு, சீன வணிகர்களின் கப்பல்களில் நாகசாகிக்கு வந்த இந்த நிறத்தை, பெர்லின் என்ற பெயரை ஒட்டியே 'பெரோ' என்று ஜப்பானியர் அழைத்தார்கள். அதற்குமுன் அச்சுக்காரர்களிடம் இருந்தவை அவுரி நீலமும், கானாவாழை இனத்துப் பூவொன்றிலிருந்து பிழிந்தெடுத்த நீலமும்தான். பூவின் நீலம் ஒளி பட்டதும் வெளிறிவிடும். அவுரியோ பெரிய பரப்பில் சீராகப் படியாது. வானத்தையும் கடலையும் அடர் நீலத்திலிருந்து மெல்ல வெளுத்துக்கொண்டே போகும்படி அச்சிட முடிந்ததற்கும், ஃபூஜி மலையைக் காட்டும் அவருடைய படவரிசை முழுவதும் நீலம் பெருகி நிற்பதற்கும் இந்த இறக்குமதி நிறமே காரணம்.

நிறம் மட்டுமல்ல. அருகிலுள்ளதைப் பெரிதாகவும் தூரத்திலுள்ளதைச் சிறிதாகவும் காட்டி, தொடுவானத்தைத் தாழ்த்தி வைக்கும் அந்த அமைப்பும் ஐரோப்பியப் படங்களிலிருந்து கற்றதுதான். கோடுகளை ஒரு புள்ளியில் குவித்து ஆழம் காட்டும் பர்ஸ்பெக்டிவ் முறையில் 'உகி-எ' என்ற வகைப் படங்கள் ஜப்பானில் 1740களிலேயே அச்சாகிவிட்டன. ஹொகுசாய் அந்த முறையை இளவயது முதலே பயின்றவர். 1800களின் தொடக்கத்தில் அவர் வெளியிட்ட சில கடற்காட்சிகளில், படத்தைச் சுற்றி ஐரோப்பியச் சட்டம்போல் ஒரு கரை வரைந்து, மேலிருந்து கீழாக எழுத வேண்டிய ஜப்பானிய எழுத்துகளைப் பக்கவாட்டில் சாய்த்து, டச்சு எழுத்தைப்போலத் தோன்றும்படி எழுதியிருக்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஜப்பான் கதவடைத்துக் கிடந்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. நாகசாகியின் டெஜிமா தீவில் டச்சுக்காரர்களுக்கென ஒரு சிறு திறப்பு இருந்தது. அந்தத் திறப்பின் வழியே வந்தவற்றைக் கூர்ந்து பார்க்க ஜப்பானியக் கலைஞர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே பாரிஸ் ஓவியர்கள் இந்தப் படங்களில் கண்டு வியந்த கீழைத்தேயத்துக்குள் ஐரோப்பா ஏற்கெனவே செரிமானமாகிக் கலந்திருந்தது. இதைச் சொல்வதால் ஹொகுசாயின் பெருமை குறைந்துவிடாது. ஐரோப்பிய ஓவியனுக்குப் பர்ஸ்பெக்டிவ் மீற முடியாத சட்டமாக இருந்தது; ஹொகுசாய்க்கு அது கைவசமிருந்த பல உத்திகளில் ஒன்று. வேண்டிய இடத்தில் எடுத்து, வேண்டாத இடத்தில் வைத்துவிட்டார். ஐரோப்பியர் பின்னாளில் அவரிடம் கற்றுக்கொண்டது அந்தச் சுதந்திரத்தைத்தான்.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 'உகியோ-எ' என்ற இந்த மர அச்சுப் படங்கள் அவை பிறந்த ஊரில் உயர்கலையாக மதிக்கப்பட்டவை அல்ல. அந்த மதிப்பு ஆட்சியாளர்களுக்காக வரைந்த கானோ ஓவிய மரபின் பொன்தகட்டுத் திரைகளுக்கும் மை ஓவியங்களுக்கும் உரியது. உகியோ-எ என்பது எதோ (இன்றைய டோக்கியோ) நகரத்து வணிகர்களும் கைவினைஞர்களும் ஏறக்குறைய ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸ் விலைக்கு வாங்கிச் சென்ற கடைச்சரக்கு. நாடக நடிகர்கள், அழகியர், மல்லர், பயணத் தலங்கள் ஆகியவற்றின் படம். பதிப்பாளர் முதல் போடுவார், ஓவியர் வரைந்து தருவார், செதுக்குபவர் செர்ரி மரப்பலகையில் கோட்டை மட்டும் நிற்கவிட்டு மற்றதைச் செதுக்கி எடுப்பார், அச்சிடுபவர் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பலகை என்று வைத்து, பலகையின் மூலையில் வெட்டிய அடையாளத்தோடு தாளைப் பொருத்தி, மூங்கில் உறையிட்ட தட்டையான தேய்ப்பானால் தேய்த்து எடுப்பார். 1765இல் ஓவியர் ஹருநொபுவின் காலத்தில் பல வண்ண அச்சு முழுமை பெற்ற பிறகு இதுவே வழக்கமாயிற்று.

இந்த வேலைமுறையை அறிந்துகொண்டால், ஐரோப்பியர் பெரிய தத்துவமாக எடுத்துக்கொண்ட சில கூறுகளுக்கு எளிய காரணங்கள் இருப்பது புலப்படும். நிறம் ஏன் நிழலின்றித் தட்டையாக இருக்கிறது? மரப்பலகைக்கு இயல்பாக வருவது அதுதான். உருவத்தைச் சுற்றி ஏன் கருங்கோடு ஓடுகிறது? முதலில் செதுக்கப்படுவது கோட்டுப் பலகை. மற்ற நிறங்களெல்லாம் அதன் எல்லைக்குள் வந்து அமர வேண்டியவை. தூரிகைக் கோட்டையே உயிராகக் கொண்ட கிழக்காசிய ஓவிய மரபும் இதற்குப் பின்னால் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனாலும் பொருளின் இயல்பு பாதி வேலையைச் செய்தது.

ஐரோப்பாவுக்கு இந்தப் படங்கள் எப்படி வந்தன என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து நின்ற பிறகு, 1854 முதல் ஜப்பான் ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பந்தங்களில் கையெழுத்திட நேர்ந்தது. 1856இல் ஃபெலிக்ஸ் பிராக்மோன் என்ற பிரெஞ்சு அச்சோவியர் ஓர் அச்சுக்கூடத்தில் ஹொகுசாயின் வரைபடத் தொகுதி ஒன்றைக் கண்டார் என்றும், அது பீங்கான் பெட்டியில் பொருள் உடையாதிருக்க வைத்த தாளாக வந்தது என்றும் சொல்வதுண்டு. அதைச் செவிவழிக் கதை என்ற அளவில் வைத்துக்கொள்வது நல்லது. 1862 லண்டன் பொருட்காட்சியிலும் 1867 பாரிஸ் பொருட்காட்சியிலும் ஜப்பானியப் பொருள்கள் காட்சிக்கு வந்தன. 1872இல் பிலிப் பூர்த்தி என்ற விமர்சகர் இந்த மோகத்துக்கு 'ஜப்பானிசம்' என்று பெயரே வைத்துவிட்டார்.

மோகம் வேறு, கற்றல் வேறு. 1876இல் பிரெஞ்சு ஓவியர் மோனே தம் மனைவிக்குச் சிவப்புக் கிமோனோ அணிவித்து, சுவர் முழுக்க விசிறிகள் ஒட்டி வரைந்த பெரிய ஓவியம் மோகத்துக்கு எடுத்துக்காட்டு. அதில் ஜப்பான் உடையாகவும் அலங்காரமாகவும் இருக்கிறதே தவிர, ஓவியம் வரையும் முறையில் அதனால் எந்த மாற்றமும் நேரவில்லை. பல ஆண்டுகள் கழித்து ஜிவெர்னியில் அவர் வரைந்த அல்லிக்குள ஓவியங்களில் விசிறியும் இல்லை, கிமோனோவும் இல்லை. தொடுவானமே நீங்கி, நீர்ப்பரப்பு மட்டும் படச்சட்டம் முழுவதையும் நிறைத்து நிற்கிறது. ஜப்பானிய மடிப்புத்திரைகளிலும் அச்சுகளிலும் அவர் ஆழ்ந்து பார்த்தது அங்கேதான் பயன் தந்தது என்பேன். அவர் வீட்டுச் சுவர்களில் இருநூறுக்கும் மேற்பட்ட ஜப்பானிய அச்சுப் படங்கள் தொங்கின.

இந்தக் கற்றலில் நான் மிகவும் மதிப்பது பாரிஸில் வாழ்ந்த அமெரிக்க ஓவியர் மேரி கசாட்டின் பணியை. 1890இல் பாரிஸ் நுண்கலைப் பள்ளியில் நடந்த பெரிய ஜப்பானிய அச்சுக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்குள் பத்து வண்ண அச்சுகள் கொண்ட ஒரு வரிசையை அவர் முடித்தார். தலை குனிந்து முகம் கழுவும் பெண், கடித உறையை உதட்டில் வைத்து ஒட்டும் பெண், குழந்தையைக் குளிப்பாட்டும் தாய் என்று உகியோ-எ ஓவியர் உதமாரோ வரைந்த அறைகளிலிருந்து நேரே பாரிஸ் அறைகளுக்கு வந்தவைபோல அவை இருக்கின்றன. ஆனால் அவர் மரப்பலகையைத் தொடவில்லை. செப்புத் தகட்டில் ஊசியால் கீறியும் அமிலத்தால் அரித்தும், அந்த மெல்லிய கோட்டையும் தட்டையான நிறத்தையும் கொண்டுவந்தார். ஒரு மரபின் விளைவை வேறொரு பொருளில் வேறொரு வழியில் மீண்டும் கண்டடைவதே உண்மையான கற்றல் என்றால், அதற்கு இந்தப் பத்துப் படங்களைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை.

வான்கோவின் வழி வேறு. அவர் நகலெடுத்துத் தோற்று, அந்தத் தோல்வியிலிருந்து தம்முடையதைக் கண்டுபிடித்தார். உகியோ-எ ஓவியர் ஹிரோஷிகே 1857இல் வெளியிட்ட படம் ஒன்றில், எதோவின் ஷின்-ஒஹாஷி பாலத்தின்மேல் திடீர் மழை கொட்டுகிறது. குடையையும் பாயையும் கவிழ்த்துக்கொண்டு மனிதர்கள் விரைகிறார்கள். அந்த மழை எத்தனையோ மயிரிழைக் கோடுகள். ஒவ்வொரு கோட்டையும் மரத்தில் உடையாமல் நிற்கவிட்டுச் செதுக்கியிருக்கிறார், பெயர் தெரியாத ஒரு செதுக்குத் தொழிலாளி. 1887இல் பாரிஸில் வான்கோ இதை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தார். தாளுக்குள் ஊறிப்போன நிறத்துக்குப் பதிலாக, கித்தான்மேல் தடித்து நிற்கும் வண்ணம். ஆறு அமைதியாக இருக்க முடியாமல் பச்சையும் நீலமுமாகத் தூரிகை வீச்சுகளால் கொதிக்கிறது. சுற்றிலும் வேறு படங்களிலிருந்து எடுத்த சீன-ஜப்பானிய எழுத்துகளைப் பொருள் தெரியாமலே அலங்காரக் கரையாக எழுதி வைத்தார். நகல் என்ற அளவில் இது வெற்றியல்ல. ஆனால் நிறத்தை நிழலிலிருந்து பிரித்தெடுக்க முடியும் என்பதும், கோடே மழையாகவும் காற்றாகவும் ஆக முடியும் என்பதும் அவர் கைக்குப் புரிந்துவிட்டன. மறு ஆண்டு ஆர்ல் நகருக்குப் போனபோது, நாணல் பேனாவால் புள்ளியும் கீற்றுமாக அவர் வரைந்த வயல்வெளிகளில் அந்தப் பாடம் முற்றி நிற்கிறது. தம் வேலை முழுவதும் ஓரளவு ஜப்பானியக் கலையையே அடிப்படையாகக் கொண்டது என்று அவரே தம்பி தியோவுக்கு எழுதினார். அவர் ஜப்பானைப் பார்த்ததில்லை. தென்பிரான்சின் வெயிலையே தம் ஜப்பானாக வைத்துக்கொண்டார்.

இனி மறுகரைக்கு வருகிறேன். மோனே தம் மனைவியைக் கிமோனோவில் வரைந்த அதே 1876ஆம் ஆண்டில், டோக்கியோவில் ஜப்பான் அரசு தொழில்நுட்பக் கலைப்பள்ளி ஒன்றைத் தொடங்கி, எண்ணெய் ஓவியம் கற்பிக்க இத்தாலியிலிருந்து அந்தோனியோ ஃபொந்தனேசி என்ற ஓவியரை வரவழைத்தது. ஐரோப்பியர் கைவிடத் துடித்த ஒளிநிழல் நுட்பத்தையும் பர்ஸ்பெக்டிவையும் ஜப்பானிய இளைஞர்கள் அங்கே ஆர்வத்தோடு பயின்றார்கள். 'கலை' என்ற பொருளில் இன்று ஜப்பானியர் வழங்கும் 'பிஜுட்சு' என்ற சொல்லே, 1873 வியன்னா பொருட்காட்சியில் கலந்துகொள்வதற்காக 1872இல் ஒரு ஜெர்மன் சொல்லுக்கு ஈடாக உருவாக்கப்பட்டது. அதற்குமுன் ஓவியம் இருந்தது, எழுத்துக்கலை இருந்தது, அரக்கு வேலை, வாள் வேலை, குயவு எல்லாம் இருந்தன; இவற்றில் சிலவற்றைப் பிரித்தெடுத்து உயர்ந்த தனிக்கூட்டமாக்கும் பழக்கம் அந்தச் சொல்லோடுதான் வந்தது. 'ஜப்பானிய மரபுக்கலை' என்று நாம் பேசும்போது, மேற்கோடு ஏற்பட்ட சந்திப்பில் வகுக்கப்பட்ட ஒரு பிரிவைப் பற்றியே பேசுகிறோம்.

இந்த வகுத்தலில் பெரும்பங்கு ஓர் அமெரிக்கருக்கு உண்டு. 1878இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பிக்க வந்த எர்னெஸ்ட் ஃபெனொலோசா, தம் மாணவர் ஒகாகுரா ககுஸோவோடு சேர்ந்து பழைய கோயில்களின் சிற்பங்களையும் ஓவியங்களையும் பதிவுசெய்தார். மேற்கத்திய முறையைக் கண்மூடிப் பின்பற்ற வேண்டாம் என்று வாதாடினார். 1889இல் பாடம் தொடங்கிய டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் முதலில் எண்ணெய் ஓவியத்துக்கு இடமே இல்லை. எண்ணெய் ஓவியத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவே 'நிஹோங்கா', அதாவது ஜப்பானிய ஓவியம், என்ற பெயர் நிலைபெற்றது. ஆனால் அந்தப் பள்ளியில் உருவான யொகொயாமா தைகானும் ஹிஷிதா ஷுன்ஸோவும் என்ன செய்தார்கள்? காற்றையும் ஒளியையும் காட்ட வேண்டும் என்று, மரபின் உயிர்நாடியாகக் கருதப்பட்ட கோட்டையே நீக்கிவிட்டு நிறங்களை ஒன்றோடொன்று கரையவிட்டார்கள். விமர்சகர்கள் அதை 'மங்கல் பாணி' என்று இகழ்ந்தார்கள். பாரிஸில் ஓவியர்கள் கோகானும் லோத்ரெக்கும் ஜப்பானியக் கோட்டைக் கொண்டாடிய அதே காலத்தை ஒட்டி, டோக்கியோவின் மரபு ஓவியர்கள் கோட்டைத் துறந்துகொண்டிருந்தார்கள்.

இந்த இருவரும் 1903இல் கல்கத்தாவுக்கு வந்தார்கள். வண்ணத்தை நீரால் கழுவிக் கழுவிப் பனிபோல் ஆக்கும் அவர்கள் முறையைப் பார்த்து வங்க ஓவியர் அவனீந்திரநாத் தாகூர் தம் நீர்வண்ணப் பாணியை அமைத்துக்கொண்டார். அவருடைய மாணவரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைக்கு வந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்தவர் அவர்தான். சிற்பத்தில் அவர் பெரிதும் மேற்கத்திய வழியில் நடந்தவர் என்பதால் இந்தத் தொடர்பை மிகைப்படுத்த நான் விரும்பவில்லை. ஆனாலும் டோக்கியோவில் கிளம்பிய ஒரு வாதத்தின் இழை நம் கடற்கரை வரை வந்திருக்கிறது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

அடுத்த தலைமுறையின் கதை 'ஷிரகபா' என்ற இதழைச் சுற்றி நிகழ்கிறது. 1910இல் இளம் எழுத்தாளர்கள் சிலர் தொடங்கிய இந்த இதழ், பிரெஞ்சுச் சிற்பி ரோதான், ஓவியர்கள் செசான், வான்கோ ஆகியோரின் படைப்புகளைப் படங்களாக அச்சிட்டு ஜப்பானிய வாசகர்களிடம் சேர்த்தது. இந்த இளைஞர்கள் ரோதானுக்கு ஏறக்குறைய முப்பது உகியோ-எ படங்களை அனுப்ப, அவர் பதிலுக்கு மூன்று சிறிய வெண்கலச் சிற்பங்களை அனுப்பினார். 1911இல் அவை வந்து சேர்ந்தன. அவற்றைப் பாதுகாத்து வைத்திருந்தவர் அந்தக் குழுவைச் சேர்ந்த யனாகி சோஎட்சு. 1914இல் கொரியாவில் ஆசிரியராக இருந்த அசகாவா நொரிதகா, ரோதானின் சிற்பங்களைப் பார்ப்பதற்காக யனாகியின் வீட்டுக்கு வந்தபோது, கொரிய வெண்பீங்கான் குடுவை ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டுவந்தார். யனாகியின் கண் ரோதானிடமிருந்து அந்தக் குடுவைக்குத் திரும்பியது. பிறகு கடைசிவரை அங்கேயே இருந்தது. பெயரில்லாத குயவரும் தச்சரும் நெசவாளரும் அன்றாடப் பயன்பாட்டுக்காகச் செய்த பொருள்களின் அழகைப் போற்றும் 'மிங்கெய்' என்ற இயக்கத்தை 1920களின் நடுவில் அவர் தொடங்கினார். ஜப்பானிய மரபின் மிகத் தூய குரலாக இன்று கருதப்படும் இந்த இயக்கத்துக்குள் ஒரு பிரெஞ்சுச் சிற்பி, ஒரு கொரியக் குடுவை, பெர்னார்ட் லீச் என்ற ஆங்கிலேயக் குயவரின் நட்பு, இங்கிலாந்தின் கைவினை இயக்கத்தின் எண்ணங்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. கொரியா அப்போது ஜப்பானின் ஆட்சிக்குள் இருந்தது என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

அதே இதழில் வான்கோவின் சூரியகாந்திப் படத்தை வண்ணத்தில் கண்ட ஒருவர் முனகதா ஷிகோ. வட ஜப்பானின் அஓமொரியில் 1903இல் கொல்லர் வீட்டில் பிறந்தவர். கண்பார்வை மிகக் குறைந்தவர். அந்தப் படத்தைக் கண்டதும் தாமும் ஒரு வான்கோ ஆகிவிடுவது என்று முடிவுசெய்து, 1924இல் டோக்கியோ சென்று எண்ணெய் வண்ணத்தில் வரையத் தொடங்கினார். ஆனால் அந்த வான்கோ வழிபட்டது எதை என்ற கேள்வி அவரை மரப்பலகைக்குத் திருப்பியது. முனகதா பழைய முறைப்படி வேலையைப் பிரித்துக் கொடுக்கவில்லை. வரைவது, செதுக்குவது, அச்சிடுவது அனைத்தையும் ஒரே ஆளாக, மூக்குக்கண்ணாடி பலகையில் உரசும் அளவுக்குக் குனிந்து, வெறிகொண்டவரைப்போலச் செய்தார். கலைஞன் என்பவன் தன் படைப்பைத் தானே தொடக்கம் முதல் முடிவுவரை செய்ய வேண்டும் என்ற எண்ணம் மேற்கிலிருந்து வந்தது. 1904 முதல் ஜப்பானில் 'படைப்பு அச்சு' இயக்கமாக அது வளர்ந்திருந்தது. அந்த எண்ணத்தோடு புத்தரின் பத்துச் சீடர்களை அவர் கறுப்பு வெள்ளையில் செதுக்கினார். 1955இல் சாவோ பாவ்லோவிலும் 1956இல் வெனிஸிலும் அச்சுக்கலைக்கான பெரும் பரிசுகளைப் பெற்றார். ஹிரோஷிகேயிடமிருந்து வான்கோவுக்குப் போனது, வான்கோவிடமிருந்து ஒரு கொல்லர் மகனிடம் திரும்பி வந்தபோது, அது புறப்பட்டபோது இருந்த உருவில் இல்லை.

கட்டடக்கலையில் இந்த உறவு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பெர்லினில் வண்ணமயமான தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டிய ப்ருனோ டவுட், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியைவிட்டு வெளியேறி, 1933 மே மாதம் ஜப்பான் வந்தார். வந்த மறுநாளே அவரைக் கியோட்டோவின் கட்சுரா மாளிகைக்கு அழைத்துச் சென்றார்கள். பதினேழாம் நூற்றாண்டில் ஓர் இளவரசரும் அவர் மகனும் கட்டிய அந்த மாளிகையில், பூச்சில்லாத மரத்தூண், வெள்ளைத்தாள் ஒட்டிய கதவு, பாய்களின் அளவையொட்டிப் பகுத்த அறைகள், காட்டுவாத்துகள் சாய்வரிசையில் பறப்பதுபோல ஒன்றைவிட ஒன்று உள்வாங்கி நிற்கும் கட்டடங்கள் ஆகியவற்றைக் கண்டு அவர் கண்கலங்கினார். நவீனக் கட்டடக்கலை தேடிக்கொண்டிருந்தது முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே இருக்கிறது என்று எழுதினார். அதற்கு எதிர்முனையாக, சிற்பமும் பொன்னும் நிறைந்த நிக்கோ நகரில் உள்ள, தொகுகவா ஆட்சியாளர்களின் சமாதிக் கோயிலைக் கடுமையாகப் பழித்தார்.

இந்தக் கதையை மேற்கத்தியர் ஒருவர் ஜப்பானியருக்கே தெரியாத செல்வத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்ததாகச் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. அவரை அழைத்தவர்களும் முதலில் கட்சுராவுக்கே கூட்டிச் சென்றவர்களும் ஜப்பானின் நவீனக் கட்டடக்கலைஞர்கள். தேசிய அலங்காரக் கூரைகளைக் கட்டடங்களின் தலையில் ஏற்றும் போக்கை எதிர்த்துக்கொண்டிருந்த அவர்களுக்கு, தம் எளிமைவாதம் மரபுக்கு விரோதமல்ல, மரபேதான் என்று உலகறிந்த ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது. கட்சுராவும் நிக்கோவும் ஒரே நூற்றாண்டின் பிள்ளைகள். ஒன்றை மட்டும் உண்மையான ஜப்பான் என்று தேர்ந்தது நவீனத்துவத்தின் கண்.

அந்தக் கண் எப்படி வேலை செய்தது என்பதை ஒரு புகைப்படக்காரரின் வேலையில் காணலாம். சிகாகோவில், ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி மரபில் வந்த வடிவமைப்புப் பள்ளியில் பயின்ற இஷிமோட்டோ யசுஹிரோ, 1950களின் நடுவில் கட்சுராவைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தார். 1960இல் வெளியான அந்தத் தொகுப்பில் மாளிகையின் வளைந்த கூரைகள் சட்டத்துக்கு வெளியே வெட்டப்பட்டுவிட்டன. தூணும் உத்தரமும் வெள்ளைத் தாளும் சேர்ந்து டச்சு ஓவியர் மொந்திரியானின் ஓவியம்போல் செங்குத்தும் கிடையுமாக நிற்கின்றன. பாரிஸ் ஓவியர்கள் தெகாவும் லோத்ரெக்கும் உருவங்களைச் சட்டத்தின் விளிம்பில் துணிந்து வெட்டக் கற்றது ஜப்பானிய அச்சுகளிடம். இப்போது அதே வெட்டு மேற்கத்தியப் பயிற்சி பெற்ற ஒரு ஜப்பானியர் கையால் ஜப்பானின் மேலேயே விழுந்தது. 1980களின் தொடக்கத்தில் இஷிமோட்டோ மீண்டும் சென்று வண்ணத்தில் எடுத்தார். அப்போது நீலமும் வெள்ளையுமான கட்டங்கள் ஒட்டிய தேநீர் மண்டபத்துச் சுவர், கதவுப் பிடிகளின் நுண்ணிய உலோக வேலை, துணி ஒட்டுகள் என்று, முதல் தொகுப்பில் இடம்பெறாத அலங்காரங்களெல்லாம் வெளியே வந்தன. மாளிகை மாறவில்லை.

போருக்குப் பிந்தைய, உருவங்களைக் காட்டாத அரூப ஓவியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இங்கேதான் நியாயமின்மை மிகுதியாகத் தெரிகிறது. 1951இல் கியோட்டோவில் மொரிதா ஷிர்யு தொடங்கிய 'பொகுபி' என்ற எழுத்துக்கலை இதழ், தன் முதல் இதழிலேயே நியூயார்க் ஓவியர் ஃப்ரான்ஸ் க்ளைனின் கறுப்பு வெள்ளை ஓவியங்களை வெளியிட்டது. தொடக்கத்தில் இந்தத் தொடர்பில் மகிழ்ந்த க்ளைன், பின்னர் தம் ஓவியத்துக்கும் எழுத்துக்கலைக்கும் உறவில்லை என்று விலகிக்கொண்டார். கிளெமென்ட் கிரீன்பெர்க் என்ற பெரும் விமர்சகர் 1955இல், இந்த அமெரிக்க ஓவியர்கள் எவருக்கும் கிழக்கத்தியக் கலையில் மேலோட்டமான ஆர்வத்துக்கு மேல் இருந்ததில்லை என்று எழுதினார்.

க்ளைன் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. அவர் கறுப்பின் மேல் வெள்ளையையும் பூசிப் பூசித் திருத்துவார். அவருக்கு வெள்ளையும் ஒரு வண்ணம். எழுத்துக்கலைஞனுக்கு வெள்ளை என்பது தாளின் வெறுமை. அங்கே ஒரே மூச்சில் போட்ட கோட்டைத் திருத்த இடமில்லை. வேறுபாட்டைச் சொல்வதை நான் குறை கூறவில்லை. நியாயமின்மை வேறிடத்தில் இருக்கிறது. 1958இல் ஒசாகா வட்டாரத்தின் குதாய் என்ற கலைஞர் குழுவினர் நியூயார்க்கில் கண்காட்சி நடத்தியபோது, அவர்கள் அமெரிக்க அரூப ஓவியர் போலாக்கைப் பின்பற்றுபவர்களாகவே பார்க்கப்பட்டார்கள். கயிற்றில் தொங்கியபடி காலால் வண்ணத்தை உழுது ஷிரகா கஸுஓ படைத்த ஓவியங்கள்கூட அந்தக் கணக்கிலேயே சேர்ந்தன. ஐரோப்பியர் ஜப்பானிடமிருந்து எடுத்தால் அது உந்துதல். ஜப்பானியர் மேற்கிலிருந்து எடுத்தால் அது நகல். இந்த இரட்டை அளவுகோல்தான் உங்கள் கேள்வியில் உள்ள 'மரபு', 'நவீனம்' என்ற பிரிவினையின் அடியில் கிடக்கிறது. தருபவர் எப்போதும் பழமையில் நிற்க வேண்டும், பெறுபவர் மட்டுமே புதுமைக்கு உரியவர் என்றால், ஜப்பானியர் ஒருபோதும் தம் காலத்தில் வாழ முடியாது.

எழுத்துக்கலைஞர்கள் இந்தச் சிக்கலைத் தம் வழியில் எதிர்கொண்டார்கள். எழுத்தையே விட்டுவிட்டுத் தூய கோடாக எழுதினால் என்ன என்று 'பொகுபி'யில் அதற்கெனத் தனிப் பகுதியே நடந்தது. இனொஉஎ யுஇசி 1950களின் நடுவில் எழுத்தைத் துறந்து, எனாமல் பூச்சால் உருவற்ற கறுப்பு வீச்சுகளை எழுதிப் பார்த்துவிட்டு, மீண்டும் எழுத்துக்கே திரும்பினார். ஆள் உயரத் தாளில் ஒற்றை எழுத்தை உடல் முழுவதையும் செலுத்தி எழுதும் அவருடைய பிற்கால ஆக்கங்களைப் பார்த்தால், அரூப ஓவியத்தின் வழியாகச் சென்று வராத ஒருவரால் அவற்றை எழுதியிருக்க முடியாது என்று தோன்றும்.

டோக்கியோவுக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்கு எப்போதாவது கிடைத்தால், உஎனோ பூங்காவுக்குச் சென்று இரண்டு அருங்காட்சியகங்களை ஒரே நாளில் பாருங்கள். கப்பல் கட்டும் நிறுவனத்தின் தலைவராக இருந்த மட்சுகதா கோஜிரோ 1920ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸில் இரண்டு வகையாக வாங்கிக் குவித்தார். ஆன்றி வெவேர் என்ற நகைக் கலைஞர் சேர்த்து வைத்திருந்த ஏறக்குறைய 8,000 உகியோ-எ படங்களை மொத்தமாக வாங்கி நாட்டுக்கு அனுப்பினார். அவை இன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜிவெர்னிக்கே சென்று மோனேயிடம் நேரில் வாங்கிய ஓவியங்களையும் ரோதானின் சிற்பங்களையும் உள்ளிட்ட மேற்கத்தியத் தொகுப்பில் ஒரு பகுதி பிரான்சில் தங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரெஞ்சு அரசின் உடைமையாகி, 1959இல் ஜப்பானுக்குத் தரப்பட்டது. அவற்றை வைப்பதற்காகக் கட்டடக்கலைஞர் லெ கொர்புஸியே வரைந்து கொடுக்க, அவரிடம் பயின்ற மயெகவா, சககுரா, யொஷிஸகா ஆகிய மூன்று ஜப்பானியர்கள் உடனிருந்து கட்டி முடித்ததுதான் அதே பூங்காவில் உள்ள மேற்கத்தியக் கலை தேசிய அருங்காட்சியகம்.

பிரெஞ்சு அரசு எல்லாவற்றையும் தந்துவிடவில்லை. சிலவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. அவற்றுள் ஒன்று வான்கோ 1889இல் தம் ஆர்ல் படுக்கையறையைத் தாய்க்காகவும் தங்கைக்காகவும் சிறிய அளவில் திரும்ப வரைந்த ஓவியம். அந்த அறையை முதன்முதலாக வரைந்தபோது, நிழல்களையெல்லாம் நீக்கிவிட்டு ஜப்பானிய அச்சுகளைப்போலத் தட்டையான நிறங்களை இட்டிருப்பதாக அவர் தியோவுக்கு எழுதியிருந்தார். மட்சுகதா வாங்கிய அந்தப் படம் இப்போது பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.